ஓவராலிங்குக்குப் பிறகு வந்த மூன்று கோளாறு

ஹாண்டில் அடித்த காலை

கண்டக்டர் காதர் வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்னால் அப்படியே குந்திவிட்டார். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய அவர் சுற்றிய இரும்பு ஹாண்டில், முழுச் சுற்று வருவதற்குள் எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் வீக்கம் அப்போதே தெரிந்தது.

“நாப்பது நாளு தூங்குனவனை எழுப்புனா ஒதைக்காம முத்தமா குடுப்பான்?” என்று காதரே சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த எஞ்சினை நாற்பது நாள் பிரித்துப் போட்டுப் பூட்டிய மெக்கானிக் நான். நானும் சிரித்தேன். புது எஞ்சின் இறுக்கமாக இருக்கிறது, இரண்டு நாள் ஓடினால் இளகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் அன்று சொன்ன முதல் சேதியை நான் கேட்டுக்கொள்ளாமல் விட்டது அப்படித்தான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழன் போகும் லைனில் எங்கள் முதலாளிக்கு இரண்டு பஸ்கள் இருந்தன. மிஷன் பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டு ஷெட்டில் சேர்ந்தவன் நான். பெயர் ஞானமுத்து. இப்போது ஒர்க்ஷாப்பில் வேலை பழகுகிற தம்பிகளுக்குக் கரிக் கேஸ் பஸ் என்றால் தெரியாது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காது. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம் இருக்கும். அதில் கருவேலங்கரியைப் போட்டுப் பற்றவைத்து, வருகிற கேஸைக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொண்டுபோவோம். ஸ்டார்ட் செய்வதும் கேஸில்தான். அப்படி நாலு வருஷம் ஓட்டியதில் கரித்தூள் சிலிண்டரைத் தின்றுவிட்டது.

பெட்ரோல் கூப்பன் கொஞ்சம் கிடைக்க ஆரம்பித்ததும் முதலாளி டிரம்மைக் கழற்றி எறியச் சொன்னார். முழு ஓவராலிங். பிளாக்கை மதுரைக்குக் கொண்டுபோய், தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து போர் போட்டு வாங்கி வந்தேன். புதுப் பிஸ்டன், புது ரிங். பேரிங்குகளுக்கு ஒயிட் மெட்டல் ஊற்றி, நீலம் தடவி, உரசுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சுரண்டி உட்கார வைத்தேன். வால்வு எல்லாம் கிரைண்ட் செய்தேன். பூட்டி முடித்த அன்று எஞ்சின் ஓடிய சத்தம் தையல் மெஷின் சத்தம்போல் இருந்தது. அதனால்தான் ஹாண்டில் அடித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலாளி தேங்காய் உடைத்தார். நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டிரைவர் சுப்பையா அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு சீட்டில் ஏறினார். அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாலு வருஷமும் கரிப்புகையைத் தின்று அந்த லைனை நிற்காமல் ஓட்டியவர்.

“இருபது மைலுக்கு மேல மிதிக்காதீக. புது எஞ்சினு, நல்லா இளகுற வரைக்கும் பைய்யத்தான் போகணும்” என்று முதலாளி சொன்னார்.

“பிள்ளைத்தாச்சிய ஏத்திட்டுப் போற மாதிரி போறேன் முதலாளி” என்றார் சுப்பையா அண்ணன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சைக்கிள்காரர் ஷெட்டுக்கு வந்து, வண்டி ஓடை மேட்டில் நிற்கிறது என்று சொன்னார்.

சம்ப்பும் ரேடியேட்டரும்

திருச்சுழிக்கு இந்தப் பக்கம் ஓர் ஓடையில் ரோடு இறங்கி ஏறும். ஏற்றம் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் வழியில் எஞ்சினுக்கு வேலை கொடுக்கிற இடம் அது ஒன்றுதான். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி புஸ் என்று வந்துகொண்டிருந்தது. காதர் கட்டுப்போட்ட கையோடு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். மிளகாய் மூட்டையோடு நின்ற ஓர் அம்மாள் அதைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“குடிக்கிற தண்ணிக்கு நாங்க ரெண்டு மைலு நடக்கோம். இவுக இரும்புக்கு ஊத்துறாக. கரி போட்டு ஓட்டுனப்பவும் எறங்கித் தள்ளுனோம், பெட்ரோலு வந்தும் எறங்கித்தான் தள்ளணுமாக்கும்?”

சுப்பையா அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். “மேட்டுல ஏறயில டக்டக்குன்னு அடிக்குதுடா ஞானம். அப்புறம் கொதிக்குது. சமதரையில ஒண்ணும் இல்ல.”

அடிக்கிறது என்றதும் புதிதாக ஊற்றிய பேரிங் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஷெட்டுக்கு வந்ததும் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பை இறக்கினேன். ஒவ்வொரு பேரிங்காகக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடிபோல் இருந்தன. ஆயிலில் ஒரு பொடிகூட இல்லை. திரும்பப் பூட்டினேன். ஒரு பகல் முழுக்கப் போனது.

மறுநாள் டிரிப்பிலும் அதேதான். அன்று நான் ரேடியேட்டரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். கழற்றிச் சலவைச் சோடா போட்டுக் காய்ச்சிக் கழுவினேன். ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன். அதற்கு மறுநாளும் மேட்டில் அடித்தது, கொதித்தது. ஹாண்டில் காதரை விட்டுவிட்டு ஷெட்டில் இருந்த இன்னொருவர் கையைப் பதம் பார்த்தது.

இங்கே நான் செய்த தவறைக் கவனிக்க வேண்டும். ஹாண்டில் அடிப்பதற்கு ஒரு காரணம், சத்தத்துக்கு ஒரு காரணம், கொதிப்புக்கு ஒரு காரணம் என்று மூன்றையும் தனித்தனியாக வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றும் ஒரே நாளில் வந்தவை என்பதை யோசிக்கவில்லை.

அன்று மாலை முதலாளி ஷெட்டுக்கு வந்தார். சம்ப்பில் பழுது இல்லை, ரேடியேட்டரில் பழுது இல்லை என்று நான் சொல்லி முடித்ததும் சுப்பையா அண்ணன் பக்கம் திரும்பினார்.

“எஞ்சினுல ஒண்ணும் இல்லைன்னு மெக்கானிக்கு சொல்லிட்டான். அப்ப மிதிக்கிற காலுலதான் இருக்கு.”

“பதினெட்டு மைலத் தாண்டல முதலாளி. காதரைக் கேளுங்க.”

“அவன் உங்க கூட ஒரே எலையில சாப்புடுறவன். அவன் வேற என்ன சொல்லுவான்? நாலு வருஷமா ஊர்ந்து போன மனுசனுக்கு நல்ல எஞ்சினைக் கண்டதும் காலு நிக்கல. எங்க உசுரக் குடுத்து ரிப்பேரு பாத்த வண்டி இது. கமுதியிலருந்து ஒரு டிரைவருக்குச் சொல்லிவிட்டுட்டேன். திங்கக்கெழம வாரான்.”

முதலாளி போனபின் சுப்பையா அண்ணன் தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு என்னிடம் சொன்னார். “வேலை போனாக்கூடப் பரவாயில்ல ஞானம். புது எஞ்சினைக் கெடுத்தவன்னு பேரோட எறங்குனா, வேற எந்த லைன்ல ஏத்துவாக?”

அவரைவிட எனக்குக் கூச்சமாக இருந்தது. எஞ்சினில் ஒன்றும் இல்லை என்று சொன்னவன் நான்தானே.

இல்லாத அடுப்பு

சனிக்கிழமைக் காலை டிரிப்பில் நானும் ஏறினேன். அதுவரை வண்டி ஓடும்போது நான் அதில் இருந்ததே இல்லை. ஷெட்டில் நிறுத்தி வைத்த வண்டியில்தான் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். சுப்பையா அண்ணன் முட்டை மேல் நடப்பதுபோல் ஓட்டினார்.

“நேத்து எத்தனை தடவை கொதிச்சிச்சு அண்ணே?” என்று கேட்டேன்.

“ஒரு தடவைதான். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் ஓடுச்சு” என்றார்.

பின்னாலிருந்து காதர் என் தோளைத் தட்டி மூன்று விரலைக் காட்டினார். அண்ணன் என்னிடமே மறைக்க ஆரம்பித்திருந்தார். திட்டு வாங்கின மனிதர் அப்படித்தான் செய்வார்.

ஓடைக்கு ஒரு மைல் முன்னால் ரோட்டோரத்தில் ஒரு புளியமரம் உண்டு. கரிக் காலத்தில் மேடு ஏறுமுன் அங்கே வண்டி நிற்கும். காதர் இறங்கிப் பின்னால் போய், டிரம்மின் அடிக்கதவைத் திறந்து கம்பியால் சாம்பலைக் கிளறிவிட்டு வருவார். கிளறாவிட்டால் மேட்டில் கேஸ் பத்தாது. அன்று அந்த மரம் வந்ததும் காதர் விசில் கொடுத்தார். சுப்பையா அண்ணனும் எதுவும் கேட்காமல் நிறுத்தினார். காதர் குதித்து இறங்கி, சீட்டுக்கு அடியில் கம்பியைத் தேடி, அது கிடைக்காமல் வெறுங்கையோடு பின்னால் போனார். கதவைத் திறக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன காதரு, அடுப்ப யாரும் தூக்கிட்டுப் போயிட்டாகளா?” என்று உள்ளேயிருந்து ஒருவர் கேட்டார்.

“கை தானா வந்துருச்சுய்யா. நாலு வருசப் பழக்கம் நாப்பது நாளுலயா போகும்?” என்று காதர் சிரித்துக்கொண்டே ஏறினார்.

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எஞ்சினைப் பூட்டும்போது என் கை தானாகச் செய்தது எது என்று மனம் ஓட ஆரம்பித்தது. போர், பிஸ்டன், பேரிங், வால்வு எல்லாம் யோசித்து யோசித்துச் செய்தவை. யோசிக்காமல் செய்தது ஒன்றே ஒன்று. டிஸ்டிரிபியூட்டரை அதன் கோட்டில் வைத்தது.

டிஸ்டிரிபியூட்டர் என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் எப்போது பொறி விழ வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற சாமான். அதைத் திருப்பி வைத்தால் பொறி முன்னால் விழும் அல்லது பின்னால் விழும். அதுதான் டைமிங். கரிக் கேஸ் மெதுவாக எரியும். ஆகவே பிஸ்டன் மேலே வருவதற்கு நன்றாக முன்னாலேயே பொறி விழ வேண்டும். யுத்த காலத்தில் டிரம் பொருத்தியபோது நான் டைமிங்கை அப்படி முன்தள்ளி, சரியான இடம் கிடைத்ததும் டிஸ்டிரிபியூட்டரின் கழுத்திலும் பிளாக்கிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டுவைத்தேன். நாலு வருஷமும் எப்போது கழற்றினாலும் அந்தக் கோட்டுக்குக் கோடு சேர்த்துத்தான் பூட்டுவேன். ஓவராலிங்கிலும் அப்படியே சேர்த்தேன். மயிரிழை பிசகவில்லை என்று சந்தோஷம் வேறு.

பெட்ரோல் சட்டென்று எரியும். அவ்வளவு சீக்கிரம் பொறி விழுந்தால், ஏறிவருகிற பிஸ்டனை எதிரே நின்று அடிக்கும். கையால் சுற்றும்போது அந்த அடி ஹாண்டிலில் திரும்பும். மேட்டில் பாரம் இழுக்கும்போது டக்டக் என்று கேட்கும். அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்கும். கேஸில் ஓடிய எஞ்சினில் அந்தச் சத்தம் வராது. நாலு வருஷம் கேட்காமல் இருந்ததால் என் காது அதைப் பேரிங் என்று எடுத்துக்கொண்டது.

மேட்டில் அன்றும் அடித்தது. இப்போது அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரிந்தது.

நூல் கடையில்

வண்டி ஷெட்டுக்குத் திரும்பியபோது மத்தியானம். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பானெட்டைத் திறந்து ஸ்பேனரை நட்டில் வைத்தேன். நட்டைத் தளர்த்தி ஒரு நெல்லளவு திருப்பினால் முடிந்தது. ஐந்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது.

ஸ்பேனரை வைத்தபடியே நின்றேன். நான் இப்போது திருப்பிவிட்டால், திங்கட்கிழமை கமுதி டிரைவர் வந்து ஓட்டும்போது வண்டி பூப்போல மேடு ஏறும். முதலாளி, பார்த்தாயா என்பார். சுப்பையா அண்ணன் எஞ்சினைக் கெடுத்தார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். என் பழுதை நானே மூடி, அதை அவர் பேரில் எழுதிவைத்தது மாதிரி ஆகும்.

ஸ்பேனரை எடுத்துவிட்டு முதலாளியின் நூல் கடைக்குப் போனேன். வியாபாரிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரிங்க முதலாளி என்பதைத் தவிர அவரிடம் நான் வேறு பேசியதில்லை. வாசலில் வெகுநேரம் நின்றேன். அவரே கவனித்துவிட்டார்.

“என்னப்பா, கையெல்லாம் கிரீஸோட நூலுல வந்து நிக்க?”

“தப்பு என் மேல முதலாளி.”

“எது?”

“டைமிங்கு. கரிக்கு வச்சிருந்த எடத்துலயே பெட்ரோலுக்கும் வச்சிட்டேன். அதான் அடிக்குது, கொதிக்குது.”

“கண்டுபுடிச்சிட்டேல்ல? போய்ச் சரி பண்ணு. இதுக்கா வந்து நின்ன?”

“இன்னும் சரி பண்ணலை முதலாளி. நீங்க வண்டியில வந்து பாத்தப்புறந்தான் பண்ணுவேன்.”

அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஆரம்பித்துவிட்டேன், இனி நிறுத்தினால் அவ்வளவுதான்.

“இப்பவே மாத்திட்டா டிரைவரும் மாறி டைமிங்கும் மாறியிரும். எதனால சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும். சுப்பையா அண்ணன் பேருதான் கெடும். மேட்டுல ஒருக்கா இப்ப இருக்குறபடி ஏத்துவோம். அங்கனயே டைமிங்க மாத்தி இன்னொருக்கா ஏத்துவோம். ரெண்டு தடவையும் அவுகளே ஓட்டட்டும்.”

“அவரு சொல்லிவிட்டாரா?”

“அவுகளுக்கு இன்னும் விசயமே தெரியாது முதலாளி.”

முதலாளி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “பத்து வருஷமா ஊமைன்னுல்ல நெனச்சேன் இவனை” என்று வியாபாரிகளிடம் சொன்னார்.

ஒரே மேடு, இரண்டு தடவை

சாயங்கால டிரிப்பில் வண்டி நிறைய ஆள், கூரையில் மூட்டை. முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தம்மை வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, சுப்பையா அண்ணன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேட்டில் அடித்தது. உச்சியில் நிறுத்தினோம். ஆவி வந்தது. வேகம் காட்டும் முள் பதினெட்டைத் தாண்டாததை முதலாளி பக்கத்தில் இருந்தே பார்த்திருந்தார்.

எஞ்சின் ஆறக் காத்திருந்து தண்ணீர் ஊற்றினோம். நான் நட்டைத் தளர்த்தி டிஸ்டிரிபியூட்டரைப் பின்னால் திருப்பி இறுக்கினேன். பழைய கோட்டை அரம் போட்டு அழித்தேன். சுப்பையா அண்ணன் நான் என்ன செய்கிறேன் என்று குனிந்து பார்த்தார். காரணத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு சீட்டுக்குத் திரும்பிப் போனார்.

வண்டியைப் பின்னோக்கி ஓடைக்கு இறக்கியபோது உள்ளே கூச்சல்.

“ஏய்யா, ஏறுன மேட்ட எதுக்கு மறுபடி ஏறணும்? வீட்டுக்குப் போக வேணாமா?”

“ஒரே டிக்கெட்டுல ரெண்டு தடவை ஏத்துறோம். இந்தச் சலுகை வேற எந்த லைன்ல உண்டு? சும்மா உக்காருங்க” என்றார் காதர்.

அவர் இறங்கி இடது கையால் ஹாண்டிலைச் சுற்றினார். எஞ்சின் அடக்கமாகப் பிடித்துக்கொண்டது. வண்டி மேட்டில் ஏறியது. நான் எஞ்சின் மூடியில் காதை வைத்திருந்தேன். பாதி மேடு. முக்கால் மேடு. சீரான உறுமல் தவிர ஒன்றும் இல்லை. உச்சியில் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, கொதிப்பு இல்லை.

முதலாளி டிரைவர் பக்கம் திரும்பினார். “கமுதிக்காரனுக்கு வரவேண்டாம்னு ஆள் விட்டுச் சொல்லிருறேன் சுப்பையா. நான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். என்னைப் பார்த்து, “இனிமே பெரிய ரிப்பேருன்னா மொத மூணு நாளும் நீயும் வண்டியில போகணும். ஷெட்டுல உக்காந்துக்கிட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லப்படாது” என்றார். சரிங்க முதலாளி என்றேன்.

சுப்பையா அண்ணன் கியரைப் போட்டார். வீரசோழன் போய்ச் சேரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் நியாயமானதுதான். அதற்குப் பிறகும் பல நாள் ஷெட்டுக்கு வந்தால் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் காதரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ரிப்பேர் முடிந்த வண்டியில் புதுக் கோளாறு வந்தால் நான் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் தொட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதுவேன். பெரிய வேலைகளைவிட, சொல்லக்கூடத் தோன்றாத சின்ன வேலைகளை மேலே எழுதுவேன். ஒரே நாளில் இரண்டு மூன்று கோளாறு வந்திருந்தால் முதலில் ஒரே காரணத்தைத் தேடுவேன். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். இவை தொழில் விஷயம், பழகினால் வந்துவிடும். இன்னொன்று பழகக் கஷ்டம். டிரைவர் சத்தத்தைப் பயமில்லாமல் வந்து சொல்கிற மாதிரி மெக்கானிக் நடந்துகொள்ள வேண்டும். வண்டி ஓடுகிற இடத்தில் இருப்பவர் அவர்தான். அவர் மறைத்தால் நமக்கு எந்தக் கருவியும் உதவாது.

ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் டிரிப்புக்குப் புறப்பட்ட வண்டி ஷெட் வாசலில் வந்து நின்றது. ஆள்கள் ஏறியிருந்தார்கள். சுப்பையா அண்ணன் எஞ்சினை அணைக்காமல் தலையை வெளியே நீட்டினார்.

“ஏலே ஞானம், பின் வீல்ல கிறீச்சுன்னு ஒரு சத்தம் கேக்குது. ரொம்பச் சின்னச் சத்தம். முதலாளிக்கிட்ட இன்னும் சொல்லல. ஏறு, மேடு வரைக்கும் போய்க் கேப்போம்.”

கையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.